களைக்கொட்டும் கல்லூரிக் கையும்

விடுமுறை நாட்களில் சிறு பண்ணையொன்றுக்குச் சென்று, கூலி கருதாது உழைத்துத் திரும்ப வேண்டும் என்னும் ஆர்வம் இன்று மாணவர் பலரிடம் காணப்படுகிறது. இதனை அவர்கள் தொண்டு என்கின்றனர். மிக நல்லது. ஆயினும் அத்தொண்டினால் பயன் பெறுவோர் யார்? உழவரா, தொண்டரா? இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

இம்முயற்சி ஓர் அமைப்பாக உருப்பெற்றது இங்கிலாந்தில். 1971-ஆம் ஆண்டில், லண்டனில் செயலாளர் பணியில் இருந்த சூ காப்பார்டு என்னும் பெண்மணி, நகரத்தார் வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளுக்குச் சென்று உழைக்க வழி செய்தார். உழைப்புக்கு ஈடாக உணவும் உறைவிடமும் உண்டு, காசு இல்லை. பின்னர் இவ்வழக்கம் பல நாடுகளிலும் பரவியது.

நம் விழுப்புரம் மாவட்டத்திலும் இதனைக் காணலாம். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது, அச்செம்மண் மேடு மழைநீரால் அரிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்தது. கரை எழுப்பி நீரைத் தேக்கியும் மரம் நட்டும் அதனைப் பசுமையாக்கினர். அங்கே கிருஷ்ணா மெக்கென்சி என்னும் ஆங்கிலேயர் 1996-இல் சாலிட்யூட் என்னும் சிறு பண்ணையைத் தொடங்கினார். வைக்கோலை வயலுக்கே திருப்பித் தந்த ஜப்பானிய உழவர் மசனோபு புகுவோகாவின் நெறியே அவருக்கு வழிகாட்டி. தொண்டர்கள் அங்கு வந்து உழைத்துக் கற்கின்றனர்.

இனி, அங்கிருந்து திண்டிவனத்துப் பக்கம் செல்வோம். இது நிலக்கடலை விளையும் சீமை. இவ்வட்டாரத்து மக்கள் அதனை மல்லாட்டை என்பர். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்ட கடலை வகைகள் டி.எம்.வி. என்று ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

நிலக்கடலை பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ கருவுற்றதும் அதிலிருந்து விழுது போன்ற காம்பு ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணில் புகுந்து காயாகிறது. ஆகவே உழவர் விதைத்த 20 நாளளவில் முதற்களையும், 40 நாளளவில் மறுகளையும் எடுத்து மண் அணைத்துவிடுவர். 45 நாளுக்குப் பின் மண்ணைக் கிளறுதல் ஆகாது.

இதனை அறியாத மாணவர் ஒருவர் அறுபதாம் நாள் வயலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கும் புல்லைக் காண்கிறார். களைக்கொட்டை எடுத்து உற்சாகமாகக் கொத்துகிறார். மாலையில் வயல் துப்புரவாகத் தோன்றும். அறுபட்ட விழுதுகளோ கண்ணுக்குத் தெரியா. செடி பிடுங்கும் நாளன்றுதான் இழப்பு வெளிப்படும். அன்று மாணவர் ஊரில் இரார். இரண்டு ஏக்கர் நிலமே உடைய குடும்பத்துக்கு அது அடுத்த போகத்து விதையின் இழப்பு ஆகலாம்.

ஆனால் கல்லாத கையும் உதவும் வேளை ஒன்று உண்டு. அதுவே அறுவடை. மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடியைப் பிடுங்க வேண்டும். காய்ந்து இறுகினால் காய்கள் நிலத்திலேயே தங்கிவிடும். கொத்துக் கடலை வகைகள் பலவற்றுக்கு விதையுறக்கம் இல்லை. முற்றிய பின் மழை பெய்தால் வயலிலேயே முளைத்துவிடும். அந்தச் சில நாட்களில் பிடுங்கவும் காய் ஆயவும் ஆள் போதாமல் உழவர் தவிப்பர். மூடாக்குக்குத் தழை சுமப்பதும், எருக்குழிக்குச் சாணம் சேர்ப்பதும் அத்தகைய உதவிகளே.

ஆகவே, மாணவர்களே, முதல் நாட்களில் பயன் பெறுவோர் நீங்களே. தம் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்குக் கற்பிப்பவர் உழவரே. அக்கடனைத் தீர்க்க வழி யாது? உங்களுக்கு ஓய்வு கிடைத்த நாளில் அன்று, அவருக்கு ஆள் வேண்டும் நாளில் செல்லுங்கள். கொத்துமுன் கேளுங்கள். தொடங்கிய வேலையை முடித்துவிட்டுத் திரும்புங்கள். கற்ற வயலுக்கே அறுவடையின்போது மீண்டும் வாருங்கள். அப்பொழுது அது உழவருக்கும் தொண்டாகும்.