நாளைக்கு எதில் போவோம்?



2022இல் எண்ணெய் இல்லாமல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஆட்டோ கிடைக்கவில்லை. ஆகவே 2040ஐ இப்போதே யோசிப்போம். இரண்டு வழி தெரிகிறது.

ஒன்று, வீட்டுக்கொரு ஆட்டோ. கூடவே லீசிங் கடன், புகை. கப்பலில் எண்ணெய் வராவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

மற்றது, தோட்டப் பாதை சீராகி நேரத்துக்கு பஸ் வருவது. ஐம்பது பேர் ஒன்றாகப் போனால் ஆளுக்கு எண்ணெயும் கொஞ்சம், புகையும் கொஞ்சம். ராத்திரி அவசரத்துக்குத் தோட்டத்துக்குப் பொதுவாகக் கரண்ட் ஆட்டோ ஒன்று போதும். லக்ஸபானவில் 1950 முதல் நம்ம மலைத் தண்ணீரிலேதானே கரண்ட் எடுக்கிறார்கள்!

ஆட்டோ வாங்குகிறவரைக் குறை சொல்லவில்லை. பஸ் வராத இடத்தில் வேறென்ன செய்வது? அதனால் அடுத்த கூட்டத்தில் முதல் கோரிக்கையாகப் பாதையையும் பஸ்ஸையும் கேட்போம்.