கொடைக்கானல் சேராத பயணம்



ஆயுதத்தோடு எல்லை கடத்தல் என்பது இவ்வுரையின் பொருள். அடுப்பும் படுக்கையும் அமைந்த ஊர்தியையே வீடாக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்வோர் மேலைநாடுகளில் உண்டு. அமெரிக்காவிலிருந்து அவ்வாறு கனடாவுக்குள் நுழைபவரிடம் எல்லை அலுவலர் தவறாமல் கேட்கும் வினா, “ஆயுதம் இருக்கிறதா?” என்பது. கோட்டுக்கு இப்பால் குடிமகனின் உரிமையாக இருந்த கைத்துப்பாக்கி, அப்பால் குற்றப்பொருளாகிவிடும். இந்தியாவிலும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பெறும் உரிமம் எந்தெந்த நிலப்பரப்பில் செல்லும் என்று வரையறுக்கப்பட்டே வழங்கப்படுகிறது. துப்பாக்கி மாறுவதில்லை, நிலம் மாறும்போது அதன் பெயர் மாறுகிறது.

இந்த உண்மையைத் தமிழகத்தில் தேடினால், கொடைக்கானலை நோக்கிப் புறப்பட்டு அங்குச் சேராமற்போன ஒரு பயணத்தில் அது கிடைக்கும்.

பழனி மலைக்கு இன்றுபோல் ஏறிச் செல்ல அந்நாளில் மோட்டார்ச் சாலை இல்லை. 1875-இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அங்கு இறங்கியவர்கள் கூண்டு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை விரித்து, இரவெல்லாம் உறங்கியவாறே அடிவாரத்தை அடைவார்கள். கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, கால்நடையாகவோ மலையேற வேண்டும். அவ்வண்டிகளில் வெள்ளையர் குடும்பங்களின் பெட்டிகளோடு வேட்டைத் துப்பாக்கிகளும் சென்றன. பழனி மலையை ஆராய்ந்து ஓவியங்களாகவும் தீட்டிய டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படை அதிகாரி, வேட்டையிலும் பெயர் பெற்றவர். காட்டெருமையும் வரையாடும் அவர்கள் குறிக்கு இலக்காயின.

லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு அதன் விதிகள் விலக்கு அளித்தன. மலையடிவாரத்தில் அருகருகே சென்ற இரு வண்டிகளுள் ஒன்றில் இருந்த துப்பாக்கி பொழுதுபோக்கு; மற்றொன்றில் இருந்திருந்தால் அது சிறைக்குரிய குற்றம். நாடுகளுக்கிடையே வரைந்த எல்லையைக் காட்டிலும் தோலின் நிறத்தில் வரைந்த எல்லை அன்று கடுமையானதாக இருந்தது.

1911 ஜூன் 17-ஆம் நாள் காலையில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் எஸ்கோர்ட் ஆஷ், மனைவி மேரியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் புறப்பட்டார். கொடைக்கானலில் தங்கியிருந்த பிள்ளைகளைக் காண்பது பயணத்தின் நோக்கம். மணியாச்சிச் சந்திப்பில், தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டியின் இணைப்புக்காகப் பெட்டி நின்றிருந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். நடைமேடையின் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் வழியிலேயே ஆஷின் உயிர் பிரிந்தது.

காரணம் நாடறிந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும், 1908-இன் தூத்துக்குடி, திருநெல்வேலி எழுச்சியையும் ஒடுக்கிய அதிகாரத்தின் முகமாக ஆஷ் கருதப்பட்டார். சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்ட கொடுந்தண்டனை இளைஞர் பலரின் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருந்தது.

இங்கு நோக்கத்தக்கது அக்கைத்துப்பாக்கி வந்த நிலங்களின் வரிசை. அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். கடல் கடந்து வந்த பொருள். வாஞ்சிக்குச் சுடும் பயிற்சி அளித்தவர் வ. வே. சு. ஐயர், பயிற்சி நடந்த புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிப்பகுதி. வாஞ்சியின் ஊரான செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் மன்னரின் நிலம். 1956 நவம்பர் 1-ஆம் நாளன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. வாஞ்சி பணியாற்றியதும் திருவிதாங்கூர் வனத்துறையில். குண்டு வெடித்த மணியாச்சியோ பிரிட்டிஷ் இந்தியா. மூன்று கொடிகளின் நிழலை ஒட்டிப் பின்னப்பட்ட அச்செயலைச் சட்டமும் சுங்கமும் காவலும் முன்னரே கண்டு தடுக்க இயலவில்லை.

அதே எல்லையில் எது தடைபட்டது என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1908-இல் புதுச்சேரி சேர்ந்த பாரதி நடத்திய ‘இந்தியா’ ஏடு, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டு 1910-இல் நின்றது. ஆஷ் கொலைக்குப் பின் அதே 1911-இல் ‘கனவு’, ‘ஆறிலொரு பங்கு’ ஆகிய நூல்கள் தடை செய்யப்பட்டன. 1918 நவம்பர் 20-ஆம் நாள், படைக்கலம் ஏதுமின்றி எல்லை கடந்து கடலூர்ப் பக்கம் வந்த பாரதி கைது செய்யப்பட்டார். துப்பாக்கி கடந்து போயிற்று; பாட்டுக்காரர் பிடிபட்டார்.

இது தமிழுக்குப் புதிய செய்தியன்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையாரோ, அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலின் அழகைப் புகழ்வதுபோலவே அதன் வெறுமையை உணர்த்தினார். அணி செய்து நெய் பூசிக் காப்பில் கிடப்பதற்கும், போரில் பழுதுற்றுக் கொல்லன் உலைக்களம் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் அச்சொற்களின் உட்பொருள், போரை வலிந்து தேடாதே என்பதாகக் கொள்ளத்தக்கது.

வாஞ்சியைத் தமிழகம் மறக்கவில்லை. மணியாச்சி இன்று வாஞ்சி மணியாச்சி என்றே வழங்குகிறது. ஆஷுக்குப் பாளையங்கோட்டையில் கல்லறையும் தூத்துக்குடியில் நினைவு மண்டபமும் உள்ளன. ஒருபக்கத்தார் வீரவணக்கம் செலுத்துகின்றனர். மறுபக்கத்தார், வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் விடுதலையோடு சனாதன தருமத்தையும் பேசுவதைச் சுட்டி வினா எழுப்புகின்றனர். அவ்வினாவை ஒதுக்கிவிடலாகாது. அதே ஆண்டில் தடைக்குள்ளான ‘ஆறிலொரு பங்கு’, ஒடுக்கப்பட்டோரைச் சரிநிகராக ஏற்காத நாட்டுக்கு விடுதலை வாராது என்னும் கருத்தை உட்கொண்டது. ஒரே காலத்து வேட்கையில் பிறந்த இரண்டனுள், கடிதம் பழைய அறத்தைக் காக்க முனைந்தது. கதை புதிய அறத்தைத் தேடியது. எல்லைக் காவலன் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினான். அவ்வாறு கட்டாதிருத்தல் இலக்கியத்தின் கடன்.

பாடப்படாத ஓரிடம் இன்னும் இருக்கிறது. அது பழனி மலையின் மேல், தாய் தந்தையரை எதிர்நோக்கிப் பிள்ளைகள் இருந்த வீடு. அவ்வீட்டை நினைப்பதால் ஆங்கில ஆட்சியின் கொடுமை குறைந்துவிடாது. சிதம்பரனார் இழுத்த செக்கின் பாரமும் குறையாது. இருபத்தைந்து வயதில் தன்னையே அழித்துக்கொண்ட இளைஞனின் துயரும் சிறிதாகாது. கொல்லப்பட்டவனுக்கும் ஒரு வீடு இருந்தது என்று சொல்லும் துணிவு பாட்டுக்கு இல்லையெனில், அதைச் சொல்ல வேறெவரும் வரமாட்டார்கள்.

அத்துணிவுக்கு அம்மலையே முன்னோடி. பொதினி மலைக்குரிய வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல். தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவன்பால் சென்று பாடினர். பொன்னையும் பொருளையும் வேண்டாது, அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியின் மனைக்கு அவன் திரும்புவதையே பரிசிலாகக் கேட்டனர். யாழன்றி அவர்களிடம் படைக்கலம் இல்லை. அப்புலவர் மரபில் வருவோர் எந்த எல்லையைக் கடக்கும்போதும், “கையில் என்ன இருக்கிறது?” என்னும் வினாவுக்கு அவர்கள் தந்த விடையையே தரவேண்டும்.