இன்னும் ஒரு சாண் கீழே
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்ப்பவனுக்கு மேடைப் பேச்சு அவ்வளவாக வராது. அதனால் நான் கோட்டைவிட்ட ஒரு கேஸைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். இரண்டு மாதமாகக் குரல் கம்மிப்போயிருந்தது. "முப்பது வருஷம் வகுப்புல கத்தினதுதான் சார்" என்று காரணமும் அவரே சொல்லிக்கொண்டார். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்ததில் இடது குரல் நாண் அசையவில்லை. என்னிடம் வந்த சீட்டில் 'சி.டி. நெக்' என்று இருந்தது. நெக்கை எடுத்தேன். நாண் செயலிழந்த அடையாளமெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே தெரிந்தது. இடது பைரிஃபார்ம் சைனஸ் அகன்றிருந்தது. வென்ட்ரிக்கிள் காற்று நிறைந்து பாய்மரம் போல விரிந்திருந்தது. கட்டி எதுவும் இல்லை. 'காரணம் தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் காறையெலும்போடு நின்றிருந்தது.

மூன்று மாதம் கழித்து, இருமலில் ரத்தம் என்று வந்தார். நெஞ்சை எடுத்தோம். பெருந்தமனி வளைவுக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்னச் சந்தில், நுரையீரல் புற்று பரவிய நிணநீர்க் கட்டி உட்கார்ந்திருந்தது. அவருடைய மகள் என் அறைக்கு வந்து, "அன்னிக்கே இன்னும் ஒரு சாண் கீழே எடுத்திருக்கலாமா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. "எடுத்திருக்கணும்மா" என்றேன். சீட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் வருஷ அனாடமிதான் இது. வேகஸ் நரம்பு கபாலத்தின் அடியிலிருந்து இறங்குகிறது. அதன் வலது கிளை சப்க்ளேவியன் தமனியைச் சுற்றி மேலே திரும்பிவிடும். இடது கிளையோ நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளம் வழியாகக் குரல்வளைக்கு ஏறுகிறது. வழியில் எங்கே அடிபட்டாலும் நாண் நின்றுவிடும். தைராய்டு ஆபரேஷன், தைராய்டு புற்று, உணவுக்குழாய் புற்று, பெருந்தமனி வீக்கம், நெஞ்சுக்கூட்டின் நடுவில் டி.பி. கட்டிகள். மைட்ரல் ஸ்டெனோசிஸால் இடது நாண் செயலிழப்பதை 1897இல் வியன்னாவின் ஓர்ட்னர் எழுதினார். ருமாட்டிக் இதயநோய் இன்னும் ஒழியாத நம் ஊரில் மறக்கக் கூடாத பெயர். வைவாவில் சொன்னால் எக்ஸாமினர் முகம் மலரும். சிலருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது, தானாகவே சரியாவதும் உண்டு. ஆனால் முழு வழியையும் பார்த்த பிறகுதான் அப்படி எழுதலாம்.

பெட் ஸ்கேனில் இன்னொரு வம்பு. செயலிழந்த நாண் மங்கலாகவும், அதற்கும் சேர்த்து உழைக்கும் நல்ல நாண் பளிச்சென்றும் தெரியும். பளிச்சென்று இருப்பதைப் புற்று என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது எங்கள் டெக்னீஷியன்களுக்கு நிரந்தர உத்தரவு: இடது நாண் என்றால் கபால அடியிலிருந்து அந்தச் சந்தைத் தாண்டும் வரை எடுக்க வேண்டும். முன்வரிசையில் இருக்கும் காது மூக்கு தொண்டை நண்பர்களே, சீட்டில் எந்தப் பக்கம், எத்தனை நாளாக, முன்பு தைராய்டு ஆபரேஷன் நடந்ததா என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் போன் போட்டுக் கேட்பேன். சாப்பாட்டு நேரம் என்றும் பார்க்கமாட்டேன்.