பழைய மின்சாதனங்களும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், பொதுநலன் சார்ந்த ஒரு பொருளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். கல்வி, மருத்துவ உதவி, திருமண உதவி ஆகியவை குறித்து ஆண்டுதோறும் இம்மேடையில் பேசப்படுகிறது. இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் வீட்டுப் பரணிலும் கொல்லைப்புறத்திலும் கிடக்கும் பழைய மின்சாதனங்கள். இதற்கு ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஓடாத மிக்ஸியோ, குளிராத ஃபிரிட்ஜோ, படம் தெரியாத தொலைக்காட்சியோ இல்லாத வீடு நம் முஹல்லாவில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும்.

அன்றைய பொருளும் இன்றைய பொருளும்

இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு நாஞ்சில் நாட்டு வீடுகளில் சாமான் குப்பையாவது அரிது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்தால் கொத்திக்கொள்வார்கள். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவார்கள். ஓட்டை விழுந்தால் அடைப்பார்கள். அதற்கும் மேல் ஆகாது என்றால் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதியது வாங்குவார்கள். பனையோலைப் பெட்டி இற்றுப்போனால் அடுப்பெரிக்க உதவும். உழைத்து ஓய்ந்த பிறகும் ஒவ்வொரு பொருளுக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

மின்சாதனங்கள் வந்த வழி வேறு. முதலில், வளைகுடா நாடுகளில் உழைத்த நம் சகோதரர்கள் விடுமுறையில் வரும்போது டூ-இன்-ஒன், வி.சி.ஆர்., மிக்ஸி என்று சுமந்து வந்தார்கள். பின்னர் உள்ளூர்க் கடைகளில் தவணை முறையில் கிடைத்தன. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 2011 செப்டம்பர் 15 முதல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கப்பட்டன. ஏழை எளியோரின் சமையற்கட்டுச் சுமையை இவை குறைத்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும், இப்பொருள்கள் வீட்டிற்குள் வர ஆயிரம் வழிகள் திறந்தனவே தவிர, வெளியேற முறையான வழி ஒன்றும் நம் ஊர்களில் அமையவில்லை. அவை பரணில் தங்கிவிட்டதன் காரணம் இதுவே.

உள்ளே இருப்பது என்ன?

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கனத்த படக்குழாயை எடுத்துக்கொள்வோம். அதனுள் உண்டாகும் எக்ஸ் கதிர்கள் வெளியேறாமல் தடுப்பதற்காகக் கண்ணாடியிலேயே ஈயம் கலந்து வார்த்திருக்கிறார்கள். வண்ணத் தொலைக்காட்சிக் குழாயின் புனல் போன்ற பின்பகுதியில், எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு உண்டு. குழாய் முழுதாக இருக்கும் வரை தீங்கில்லை. உடைத்துத் தூளாகி மண்ணில் கலந்தால் ஈயம் கசியத் தொடங்கும். உடலில் சேரும் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது முதலில் தாக்குவது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை.

குழல்விளக்கிலும் சி.எஃப்.எல். விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தவுடன் அது ஆவியாகி நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. எஞ்சியதில் பெரும்பகுதி கந்தக அமிலம்.

ஃபிரிட்ஜ் இன்னொரு வகை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை செய்யப்பட்ட ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-12 என்னும் வாயு நிரப்பப்பட்டது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அவ்வாயு கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வலியது. புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஆர்-600ஏ. ஆகவே செம்புக் குழாய்க்காக ஃபிரிட்ஜை அறுப்பவர், பழையதாயின் ஊர்க்காற்றுக்கும் புதியதாயின் தம் உயிருக்கும் கேடு தேடிக்கொள்கிறார்.

எங்கே போய்ச் சேருகின்றன?

பழைய சாமானை நாம் கொடுப்பது ஆக்கர் வியாபாரியிடம். வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாக அலைந்து, நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் காசாக்கும் அந்த உழைப்பாளிகளை நாம் குறைகூறவில்லை. அவர்கள் இல்லையென்றால் நம் தெருக்கள் எப்போதோ நிரம்பியிருக்கும். ஆனால் அவர்களுக்குப் பயன்படுவது செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவை மட்டுமே. முறையான கருவியோ கையுறையோ இன்றிச் சுத்தியலால் உடைக்கிறார்கள். செம்புக் கம்பியை எடுக்க வயரை எரித்தால், அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் புகையோடு எழுகின்றன. புகையை முதலில் சுவாசிப்பவர் எரிப்பவரே. அடுத்தபடியாக, அருகில் விளையாடும் அவருடைய பிள்ளைகள்.

விலை போகாத கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் எங்கே செல்கின்றன? கால்வாய்க் கரைக்கும் குளத்தங்கரைக்கும். நமது மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறும் பேறு பெற்றது. அம்மழையே கரையில் கிடப்பதைக் கழுவிக் குளத்திற்கும், பழையாற்றின் வழியே மணக்குடிக் கடலுக்கும் கொண்டு செல்கிறது. நம் சுசீந்திரம் - தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகமே மதிக்கும் அந்நீர்நிலைகளின் கரையில் நாம் எதைக் கொட்டுகிறோம் என்று சிந்திக்க வேண்டாமா?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது.

சட்டம் இருக்கிறது, தூரம் தடுக்கிறது

மின்னணுக் கழிவுக்கான தனி விதிகள் நம் நாட்டில் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவை விரிவாக்கப்பட்டன. அவற்றிற்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட சாதன வகைகள் அவற்றில் அடங்கும். பொருளைச் செய்து விற்ற நிறுவனமே, அது பழுதான பின் மறுசுழற்சி நடைபெறவும் பொறுப்பேற்க வேண்டும் என்பது இவ்விதிகளின் சாரம். மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பேட்டரிகளுக்கு 2022இல் தனி விதிகள் வந்துள்ளன. புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே ஒப்படைத்து விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் முன்பே இருப்பதால், அவ்வகையில் நமக்குச் சிரமம் குறைவு.

மற்றவற்றில்தான் சிக்கல். தமிழகத்தின் மறுசுழற்சி ஆலைகளில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இருக்கின்றன. நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஒற்றை மிக்ஸிக்காக அங்கிருந்து எவரும் வரப்போவதில்லை. அதை நாம் அனுப்பப் போவதும் இல்லை. ஆனால் ஒரு லாரி நிறையும் சரக்கு ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் கதை வேறு. தனி ஒரு வீட்டால் இயலாததை ஓர் ஊர் கூடிச் செய்ய முடியும். ஜமாஅத் முன்வர வேண்டியது இங்கேதான்.

நமது மாவட்டத்திற்கு இது புதிதல்ல. 2019 சனவரி 1இல் தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குமரி மாவட்டத்தில் மக்கள் துணிப்பையைக் கையில் எடுத்தனர். அண்டையிலுள்ள கேரளத்தில் ஹரித கர்ம சேனையின் மகளிர் வீடு வீடாகச் சென்று மக்காத குப்பையைத் திரட்டுவதையும் நாம் காண்கிறோம்.

நமது கோரிக்கைகள்

முதலாவதாக, ஆண்டுக்கு இருமுறை, பருவமழைகள் தொடங்கும் முன் மே மாதத்திலும் செப்டம்பரிலும், பழைய மின்சாதனங்களைத் திரட்டும் நாள் ஒன்றை ஜமாஅத் நடத்த வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும் உள்ளாட்சி அமைப்பிற்கும் முன்கூட்டியே தெரிவித்து, அவர்களின் அனுமதியோடு இதைச் செய்வது முறை. பள்ளிவாசலின் கிடங்கறையில் உள்ள பழைய ஒலிபெருக்கிக் கருவியும் எரிந்துபோன குழல்விளக்குகளும் முதலில் வெளியே வரட்டும்.

இரண்டாவதாக, வந்தவற்றை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ஓடுபவை, பழுது பார்க்கத் தக்கவை, முடிந்துபோனவை. நம் முஹல்லாவில் மின்பணி தெரிந்த இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்கள் மின்கசிவு உண்டா என்று சோதித்த பின்னரே எதையும் பிறருக்குக் கொடுக்க வேண்டும். நாம் வாங்கிக்கொள்ளத் தயங்கும் பொருளைத் தர்மம் என்ற பெயரில் ஏழையின் வாசலில் இறக்குவது உதவியாகாது. மின்சாரத்தை விழுங்கும் பழைய ஃபிரிட்ஜைப் பெற்ற குடும்பம், நமது தர்மத்திற்காக இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மின்கட்டணம் செலுத்த நேரிடும்.

மூன்றாவதாக, முடிந்துபோனவற்றை உடைக்காமலும் அறுக்காமலும், கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் வைக்க வேண்டும். குழல்விளக்குகளை அட்டைப் பெட்டியில் நிறுத்தி வைக்க வேண்டும். சிறுவர்கள் விளையாட்டாக உள்ளே புகுந்து மூச்சுத் திணற நேராதபடி ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றிவிட வேண்டும். சரக்கு சேர்ந்ததும் பதிவு பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். கிடைக்கும் தொகையை அடுத்த ஆண்டறிக்கையில் கணக்கில் காட்ட வேண்டும்.

நான்காவதாக, ஆக்கர் வியாபாரம் செய்யும் சகோதரர்களை ஒதுக்கிவிடாமல், வீடுகளிலிருந்து பொருள்களை எடுத்து வரும் பணியைக் கூலிக்கு அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். எந்த வீட்டில் எது கிடக்கிறது என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவர்? அவர்கள் நெருப்பு மூட்டாமல் பிழைக்க ஒரு வழி செய்வதும் நம் கடமையே.

ஐந்தாவதாக, இந்நாளை நம் தெருவில் வாழும் பிற சமய அன்பர்களுக்கும் திறந்து வைக்க வேண்டும். குளத்து நீர் எவர் வீட்டு ஈயம் என்று பார்த்துக் கலப்பதில்லை.

அன்பார்ந்தவர்களே! ஒரு பொருளை வாங்கும் நாளில் விலை கேட்கிறோம், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்கிறோம். பழுதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் இனிக் கடைக்காரரிடம் கேட்போம். பத்துப்பேர் கேட்டால் சிரிப்பார். நூறுபேர் கேட்டால் அவரே நிறுவனத்திடம் கேட்பார். இக்கோரிக்கைகளைப் பொதுக்குழு ஆய்ந்து, வரும் மே மாதத்திற்குள் நல்ல முடிவு எடுக்கும் என்ற நம்பிக்கையுடன் அமைகிறோம்.