இரண்டு வருஷக் கல்லூரியும் ஒலிபரப்புப் படிப்பும்

(நமது சங்கத்தின் மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“ஆகாசவாணியில் இன்ஜினியராக இருந்தவர் நீங்கள். ரேடியோ, டெலிவிஷன் படிப்பைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்” என்று காரியதரிசி சொல்லிவிட்டார். இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பத்துப் பேரன் பேத்திகளில் சிலர் இப்போது ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்னும் இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்து கம்யூனிகேஷன், பிராட்காஸ்டிங் படிக்கிறார்கள். இங்கே தாத்தா பாட்டிக்கு ஒரே சங்கடம். கல்யாணப் பேச்சில், “பையன் கலிபோர்னியாவில் படிக்கிறான்” என்று சொல்லி அதோடு நிறுத்திக் கொள்கிறோம். எந்தக் காலேஜ் என்று எதிராளி கேட்டால், “காபி ஆறிவிடப் போகிறது, சாப்பிடுங்கள்” என்கிறோம்! இன்னொரு பக்கம், இங்கிருந்தே பிள்ளையை அந்தப் படிப்புக்கு அனுப்பலாமா, கடன் வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வெட்கப்படத் தேவையில்லாத இடத்தில் வெட்கப்படுகிறோம். யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் இருக்கிறோம். இரண்டையும் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது என்ன?

1901-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஆறே ஆறு மாணவர்களுடன் ஒரு ஜூனியர் காலேஜ் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், அவ்வூர் உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் செய்த ஏற்பாடு அது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை ஊரிலேயே படித்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்பதுதான் யோசனை. நம் நாட்டில் பி.யூ.சி., இன்டர்மீடியட் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது, இந்தக் கல்லூரிகள் பெருகின. 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கையால் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்ற பெயரும் பரவியது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள் இருக்கின்றன.

நுழைவுக்கு ராங்க் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்தவர் யாரும் சேரலாம். 60 யூனிட் முடித்தால் ‘அசோஸியேட்’ பட்டம். கலிபோர்னியாவில் அந்த மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். அதாவது முழுப் படிப்புக்கும் 2,760 டாலர். பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷத்துக்கே இதைப்போல் பல மடங்கு ஆகும். வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவும் மிச்சம். ஆகவே, “வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லையா?” என்று கேட்பது சரியல்ல. கடன் இல்லாமல் பாதிப் பட்டத்தை முடிக்கிற குழந்தை கெட்டிக்காரக் குழந்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

88-க்கும் 92-க்கும் நடுவே

இனி என் சொந்த சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் கார் ரேடியோவைத் திருகியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சான் டியேகோ சிட்டி காலேஜின் ஜாஸ் நிலையம் 88.3-இல் வருகிறது. சான்டா மோனிகா காலேஜுடையது 89.9. சிகாகோ பக்கத்தில் காலேஜ் ஆஃப் டூபேஜின் நிலையம் 90.9. சான் மட்டேயோ காலேஜுடையது 91.1. எல்லாமே டயலின் இடது ஓரத்தில்தான்! இது தற்செயல் அல்ல. 1945-இல் எஃப்.எம். அலைவரிசைகளைப் பங்கிட்டபோது, 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை இருபது சானல்களை விளம்பரமில்லாத கல்வி நிலையங்களுக்கென்று அந்நாட்டு அரசின் எஃப்.சி.சி. என்ற ஆணையம் ஒதுக்கி வைத்தது. பணம் உள்ளவன் வந்து வாங்கிவிட முடியாது. கோயிலுக்கு மானியமாக விட்ட நிலம் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சான்டா மோனிகா நிலையத்தின் பெயர் கே.சி.ஆர்.டபிள்யூ. அதில் உள்ள கடைசி மூன்று எழுத்துகளுக்கு ‘காலேஜ் ரேடியோ ஒர்க்ஷாப்’ என்று அர்த்தம். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அப்போது புதிதாக வந்த எஃப்.எம். தொழிலைக் கற்றுக்கொடுக்க 1945-இல் ஆரம்பித்தது. இன்று அது லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் முக்கியமான பொது வானொலி. உரிமம் இன்றும் அந்தக் கல்லூரியிடமே இருக்கிறது.

என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?

மைக்கை எத்தனை தூரத்தில் வைப்பது, ‘ப’காரம் வெடிக்காமல் எப்படிப் பேசுவது, மீட்டரில் முள் சிவப்புக்குப் போகாமல் எப்படிக் காப்பது என்பதில் தொடங்குகிறது. பிறகு காதுக்காக எழுதுவது. பத்திரிகைக்கு எழுதுவது வேறு, ஒலிபரப்புக்கு எழுதுவது வேறு. கேட்பவர் பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை படிக்க முடியாதல்லவா? ஆகவே ஒரு வாக்கியத்துக்கு ஒரே விஷயம். அதன் பிறகு கணினியில் ஒலியை வெட்டி ஒட்டுவது, காமிரா, மூன்று விளக்கு வைத்து ஒளியமைப்பது, ஸ்டுடியோவில் ஃப்ளோர் மானேஜராக நிற்பது, அவதூறுச் சட்டம், எஃப்.சி.சி. விதிகள். ஒவ்வொரு மணிக்கும் நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும் என்பதுகூட அங்கே சட்டம்.

இவற்றைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. அது நேரம். எட்டு மணிச் செய்தி எட்டு மணிக்குத்தான். “இதோ வந்துவிட்டேன்” என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து விநாடி மௌனமானால் நிலையமே செத்துவிட்டதோ என்று கேட்பவர் நினைத்துவிடுவார். பத்தொன்பது வயதுப் பிள்ளை வாரத்துக்கு இரண்டு நாள் விடிகாலையில் எழுந்து, ஒருவரும் எழுப்பாமல், அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அதுவே பெரிய படிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு மாற விரும்பும் மாணவர், எந்தப் பிரிவானாலும், வாய்மொழித் தொடர்பு என்ற மேடைப்பேச்சுப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். கணக்கோடு சமமாக வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கணக்கில் நூறு வாங்குகிறார்கள். இன்டர்வியூவில் வாய் திறப்பதில்லை. நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இந்தப் படி ஏறியவர்கள்

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் செய்தி சொன்ன ஜிம் லெஹ்ரர், டெக்ஸாஸில் விக்டோரியா காலேஜ் என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் படித்து 1954-இல் தேறியவர். அந்த நாளில் அவர் உள்ளூர் பஸ் நிலையத்தில் வேலை பார்த்தார். எந்தப் பஸ் எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவர் வேலைதான். பிறகு மிசௌரி பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறைப் பட்டம். ஜனாதிபதித் தேர்தல் விவாதங்கள் பன்னிரண்டை நடத்தினார். 2020-இல் காலமானார். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்ட் நகரில் சாபோ காலேஜில் படித்துவிட்டு சாக்ரமென்டோவில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனவர். தன்னை உருவாக்கியது அந்தக் கல்லூரியே என்று 2015-இல் பத்திரிகையிலும் எழுதினார்.

கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்கு வருஷப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார். ஆறு வருஷத்துக்குள் பட்டம் பெறுகிறவர் நூற்றுக்கு 16 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் பாதியில் நின்றுவிடுவது ஒரு காரணம். தவறான பாடங்களை எடுப்பது இன்னொரு காரணம். தொழிற்பயிற்சிப் பாடங்கள் எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதில்லை. சேர்ந்த முதல் மாதமே கவுன்சிலரிடம் போய், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறோம், அதற்கு எந்தெந்தப் பாடம் செல்லும் என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கென்றே சினிமா, டெலிவிஷன், எலக்ட்ரானிக் மீடியா பிரிவில் ‘மாறுதலுக்கான அசோஸியேட் பட்டம்’ ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

தொழிலும் முன்போல் இல்லை. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம், பொது ஒலிபரப்புக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டு வருஷ நிதி 110 கோடி டாலரை ரத்து செய்தது. 1967-ஆம் வருஷச் சட்டத்தால் பிறந்து, அந்த நிதியைப் பங்கிட்டு வந்த நிறுவனம், அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கல்லூரி நிலையங்கள் பலவற்றுக்கு இது பலத்த அடி. ஆனால் குரலும் எழுத்தும் எடிட்டிங்கும் கைவந்தவனுக்கு ரேடியோ மட்டுமே வீடு அல்ல. ஆஸ்பத்திரி, கம்பெனி, பள்ளிக்கூடம், பாட்காஸ்ட் என்று எங்கும் அந்த வேலை இருக்கிறது.

இங்கிருந்து அனுப்பலாமா?

அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கணக்கு, மும்பையிலிருந்து விசா எடுத்துப் போகும் பிள்ளைக்கு வேறு கணக்கு. வெளிநாட்டு மாணவருக்கு 46 டாலர் கட்டணம் கிடையாது. யூனிட்டுக்கு 400 டாலர் என்று வைத்துக்கொண்டால் 60 யூனிட்டுக்கு 24,000 டாலர். வீட்டு வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் தனி. வகுப்பு நடக்கும் நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அசோஸியேட் பட்டத்தோடு திரும்பி வந்தால் இங்கே அதை டிகிரியாகக் கொள்ள மாட்டார்கள், எம்.ஏ. சேர முடியாது. ஆகவே நான்கு வருஷத்துக்கும் பணத்துக்கு வழி இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இரண்டு வருஷத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு, “அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்” என்று அனுப்ப வேண்டாம்.

நம் நாட்டிலேயே வழிகள் இருக்கின்றன. டில்லியில் 1965-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.சி., புனேயில் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், இங்கே மும்பையில் பி.எம்.எம். என்று நாம் அறிந்த ஊடகப் பட்டப்படிப்பு. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. அதன் பிறகு பல கல்லூரிகளில் இப்படிப்பட்ட நிலையங்கள் வந்துவிட்டன. கல்லூரி தேடும்போது, “உங்களிடம் ஒலிபரப்பில் இருக்கும் நிலையம் உண்டா? மாணவர் கையில் மைக்கைக் கொடுப்பீர்களா?” என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

“செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி” என்ற குரலை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். டில்லியிலிருந்து தமிழ் பேசி நாடு முழுவதும் தெரிந்த குரல். நம் மும்பைக்காரர், 2022 ஆகஸ்டில் இங்கேயே காலமானார். அந்தக் குரலைக் கேட்டுப் பெருமைப்பட்டோம். நம் வீட்டுப் பெண் அதே தொழிலைப் படிக்கிறேன் என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

கடைசியாக, தாத்தா பாட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை பேரனோ பேத்தியோ போனில் கூப்பிடும்போது, “எப்போது நல்ல காலேஜுக்குப் போகப் போகிறாய்?” என்று கேட்காதீர்கள். “உன் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? இங்கே எப்படிக் கேட்பது?” என்று கேளுங்கள். இன்றைக்கு இன்டர்நெட்டில் மாதுங்காவிலிருந்தே கேட்கலாம். கேட்டுவிட்டு, உச்சரிப்பில் பிழை இருந்தால் அதையும் சொல்லுங்கள். குழந்தை கோபித்துக் கொள்ளாது. நாம் கேட்டோம் என்று சந்தோஷப்படும்.