படுவான்கரைப் பிள்ளைகளுக்கு நாம் ஒதுக்கியது என்ன?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி வவுணதீவில் நடைபெற்ற ஞாயிறு பாடசாலை ஆசிரியர் ஒன்றுகூடலில், இக்கரையில் கற்பிக்கும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களில் பலருக்குப் படிக்கிற காலத்தில் படுவான்கரை என்பது வாவிக்கு அப்பால் தெரிகிற ஒரு பச்சைக்கோடு மட்டுமே. சூரியன் எழுவது எங்கள் கரையில், படுவது அந்தக் கரையில் என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டோம். யுத்த காலத்தில் வலையிறவுப் பாலத்தைக் கடப்பதே ஒரு பயணமாக இருந்தது. 2007க்குப் பிறகுதான் எங்களில் சிலர் ஞாயிறுதோறும் இங்கே வரத் தொடங்கினோம். கொண்டு வந்தது ஒரு வேதாகமம், கொஞ்சம் கலர்ப் பென்சில், ஒரு பை பணிஸ். அதற்கு மேல் எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. இன்று பேச வந்திருப்பதும் அதைப் பற்றித்தான்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மட்டுநகர் சீயோன் ஆலயத்தில் நடந்ததை நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அறிவீர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து சிற்றுண்டி சாப்பிடும் நேரம் அது. இறந்த ஏறத்தாழ 30 பேரில் பாதியளவினர் சிறுவர்கள். அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நாங்களும் சில வாரங்கள் வரவில்லை. மீண்டும் வந்த முதல் நாள், பாயில் முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன் கேட்டான்: “டீச்சர், அந்தப் பிள்ளையளும் சண்டே ஸ்கூலுக்குத்தானே போன? அப்ப ஏன் இயேசப்பா பாத்துக்கொள்ளல்ல?”

அன்று வகுப்பெடுத்தது எங்களில் ஆக இளையவள். உயர்தரம் எழுதி முடித்திருந்தவள். பதில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. “பாட்டுப் படிப்போம்” என்றாள். படித்தார்கள். அவன் மட்டும் படிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் வரவும் இல்லை.

அவளைக் குற்றஞ்சொல்ல முடியாது. இழப்பைப் பற்றிப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது, சங்கீதங்களிலேயே கடவுளிடம் முறையிட்டு அழுகிற பாட்டுக்கள் எத்தனை இருக்கின்றன, இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான்.

இந்த வவுணதீவில் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 2018 நவம்பர் 30 அன்று இங்குள்ள சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் முதலில் முன்னாள் போராளிகள் மீது விழுந்தது. ஈஸ்டருக்குப் பின்னர்தான் அதே குழுவின் வேலை என்று தெரியவந்தது. அந்த வாலிபர்களுக்கும் யாரோ நேரம் எடுத்து, பொறுமையாக இருந்து, வெறுப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். (அதற்காக ஒரு சமூகத்தையே பழித்தவர்களோடு நாங்கள் சேரவில்லை. காத்தான்குடியிலிருந்து வந்து எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழிகள் இந்த மலரையும் வாசிப்பார்கள்.) பிள்ளையின் மனம் வெறுமையாக இருக்கப்போவதில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

பிறகு 2020இல் கொரோனா, ஆலயங்கள் பூட்டு. 2022இல் பெற்றோல் இல்லை. பாலத்தைத் தாண்டி வர வாகனம் இல்லை. இரண்டு பாய் போதாமல் இருந்த வகுப்புக்கு ஒரு பாயே மிச்சமாகிப்போனது.

திருச்சபைகளின் வருடாந்த வரவுசெலவு அறிக்கைகளை நாங்கள் எடுத்துப் பார்த்தோம். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் அநேகமாக ஒரே மாதிரித்தான். மதில், பெயின்ற், ஒலிபெருக்கி, திருவிழாச் சாப்பாடு, இவை ஒவ்வொன்றும் தனித் தலைப்பு. ஞாயிறு பாடசாலை “ஏனையவை” என்ற வரிக்குள் நத்தார்ப் பரிசோடு சேர்ந்து கிடக்கிறது. ஒலிபெருக்கி மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் சிறிய ஆலயத்துக்குள் நாலு பெட்டி எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை.

இது எப்படி வந்தது? 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். கப்பலிலேயே மனைவியை இழந்து தனியாக வந்த மனுஷன். வந்து ஓராண்டு நிறையுமுன், 1815இல், இறந்தும் போனார். அந்தச் சில மாதங்களில் அவர் முன்னின்று செய்த வேலை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததுதான். பெண்பிள்ளைகள் படித்ததும், நூறு வருடம் கண்ட சங்கமாக நாங்கள் நிற்பதும், அந்த வழியில் வந்தவர்களின் பயனே. அவருக்குச் சிலை வைத்தோம். அவர் செலவிட்ட இடத்தில் நாம் செலவிடவில்லை.

ஒரு காரணம் உண்டு. மிஷன் பாடசாலைகள் இருந்தவரை, காலை வணக்கமும் வேதபாடமும் அங்கேயே நடந்தன. சபை அதை நம்பியிருந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. அது சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடுவோர் உண்டு. அதற்கு இங்கே நேரமில்லை. ஆனால் பாடசாலை போன பிறகு அந்த வேலையை ஏற்க ஞாயிறு பாடசாலையை நாம் வளர்க்கவில்லை. அரசாங்கப் பாடசாலையில் சமயபாடம் கட்டாயம்தான். ஆனால் படுவான்கரையின் சின்னப் பாடசாலை ஒன்றில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்று பேர் என்றால் அவர்களுக்கென ஓர் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? பிள்ளை சைவபாடத்தையே படித்துப் பரீட்சை எழுதுகிறது. நல்ல புள்ளியும் எடுக்கிறது. அதில் தாழ்வு ஒன்றுமில்லை. தேவாரம் தெரிந்த பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் தன் வீட்டு விசுவாசத்தைக் கேட்டறிய அதற்கு வாரத்தில் மிஞ்சுவது ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம். அந்த நேரத்துக்கும் இப்போது ரியூசன் வந்துவிட்டது.

“தாய் தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே” என்று சபைக் கூட்டங்களில் சொல்வார்கள். உண்மை. வீட்டிலிருக்கும்போதும் வழிநடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்லியே உபாகமம் கட்டளையிடுகிறது. ஆனால் எங்கள் வகுப்பில் சிலருடைய தாய் மத்திய கிழக்கில் வேறொருவர் வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். தகப்பன் விடியற்காலை வயலுக்கோ வாவிக்கோ போய்விடுவார். வீட்டில் இருப்பது அம்மம்மா. நாங்கள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டது இதைத்தான்: அந்த அம்மம்மாவை வகுப்புக்குக் கூட்டிவந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லித்தானே எழுதுகிறார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு கதை சொல்வது அம்மம்மாமார். யோனாவை மீன் விழுங்கியதை அவர்கள் சொல்லும்போது அந்த மீன் எங்கள் வாவியில்தான் நீந்துகிறது.

எங்கள் பழைய மாணவியரில் சைவ சமயத்தவர் ஏராளம். நீங்கள் சங்கடப்படாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பணிஸ் கொடுத்துப் பிள்ளை பிடிப்பது எங்கள் வேலையல்ல. அயல்வீட்டுப் பிள்ளை படம் கீற வந்தால் பெற்றோரிடம் போய்க் கேட்போம். அவர்கள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளையே சரியாகக் கவனிக்காத நாங்கள் மற்றவர் வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போவது எந்த நியாயம்?

கேட்பது பெரிய தொகை அல்ல. கற்பிக்கிற பிள்ளைக்குப் பஸ் காசாவது சபை கொடுக்கட்டும். வருடத்தில் ஒரு கிழமை, பிள்ளைகளின் மனம் அறிந்தவர்களைக் கொண்டு அவளுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். பாடப்புத்தகத்தில் பனி மனிதன் வேண்டாம். தோணியும் வட்டையும் எருமையும் இருக்கட்டும். வகுப்பில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும், பிரம்பு இருக்கக் கூடாது என்பதை எழுத்தில் வைக்கட்டும். வெளிநாட்டிலிருந்து அக்காமார் ஆலயத் திருத்தத்துக்கு அனுப்பும்போது ஒரு பங்கை இதற்கென்று குறித்து அனுப்புங்கள். குறிக்காவிட்டால் அது மதிலுக்குப் போய்விடும், எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பொடியன் இப்போது வளர்ந்துவிட்டான். போன பெருநாளுக்கு ஆலயத்தின் பின்பக்கத்தில் நின்றதைக் கண்டோம். அன்று பதில் தெரியாமல் பாட்டுப் படித்தவள்தான் போய்ப் பேசினாள். “நீ கேட்டதுக்கு எனக்கு இன்னும் முழுப்பதில் தெரியாதுடா, ஆனா நான் மறக்கல்ல” என்றாளாம். இரண்டு கிழமை கழித்து அவன் பாய் விரிக்க உதவிக்கு வந்தான். கேள்வி இன்னும் அவனிடம் இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை ஏழரைக்கு வலையிறவுப் பாலத்தடியிலிருந்து எங்கள் ஓட்டோ புறப்படும். இன்னும் இரண்டு பேருக்கு அதில் இடமிருக்கிறது.