எழுத்தை எண்ணத் தெரியாத கணிப்பொறி



'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? திண்ணைப்பள்ளிச் சிறுவனும் மூன்றென்பான். கணிப்பொறியோ ஐந்தென்னும்! த, ம, இகரக்குறி, ழ, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. அச்சொல்லைத் திருப்பிப்போடச் சொன்னால், புள்ளி முன்னே தனித்து நிற்க, 'ழிமத' எனப் பிதற்றும்.

பொறியின்மேல் குற்றமில்லை. மெய்யில் உயிரேறினால் உயிர்மெய் என்பது தொல்காப்பியர் நெறி. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியோ, யூனிகோடு என்கிறார்களே அதுதான், நடுவணரசின் 1988-ஆம் ஆண்டுக் குறிமுறையை அடியொற்றி, 'க'வில் புள்ளியிட்டால் 'க்' எனத் தலைகீழாக்கிற்று.

இதனால் வரும் இடர் பெரிது. 'கொற்றவன்' என்னும் பெயரிலுள்ள ஒகரக்குறியை ஒன்றாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறுவேறு. இரண்டையும் ஒருவடிவாக்கி ஒப்பிட நிரலர் மறந்தால், பட்டியலில் இருக்கும் கொற்றவனையே இல்லையென்றுவிடும்!

2010-இல் தமிழ்நாட்டரசு, ஒருங்குறியோடு, எழுத்துக்கோர் இடந்தரும் டேஸ் 16 குறிமுறையையும் ஏற்றது, நன்று. ஆயினும் உலகப்பொறிகள் பேசுவது ஒருங்குறியையே. அதில் ஒருமுறை இட்ட இடம் மாற்றப்பெறுவதில்லை. எனவே, எழுத்தைத் தமிழ்நெறியில் பிரித்தறியும் நிரல்களை நாமே செப்பஞ்செய்து பரப்புதல் வேண்டும். நிரலறிந்த இளைஞர் இங்கிருப்பின், கூட்டம் முடிந்ததும் என்னைக் காண்க.